சாம்பலில் பதிந்த கை

நெல் அவிக்கிற அன்றைக்குத்தான் அந்தப் பெண் வந்து நின்றாள்.

நெல் அவிக்கிற நாளில் எவ்வளவு வேண்டியவர்கள் வந்தாலும் வேண்டாதவர்கள்தான். ஊறிய நெல்லை அண்டாவில் கொட்டி, வாயைச் சாக்கால் மூடி, உமியைத் தள்ளித் தள்ளி அடுப்பை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி வந்தபின் கொஞ்சம் அசந்தால் நெல் வாய் பிளந்துவிடும். அவசரப்பட்டு இறக்கினால் அரிசியின் நடுவில் வெள்ளை நின்றுவிடும். கண்ணெல்லாம் புகையாகக் கரைவீட்டுக்காரி நிமிர்ந்தபோது, தோளில் ஒரு பெரிய பையும் அதற்குள் ஏழெட்டுச் சின்னத் துணிப்பைகளுமாக ஒருத்தி வாசலில் நின்று சிரித்தாள்.

"அக்கா, நான் விதை ஆபீஸ்லேருந்து வர்றேன்."

"எந்த ஆபீஸா இருந்தாலும் செருப்பை அங்கேயே விடும்மா. நெல்லு காயுது."

செருப்பை விட்டாள். அதுவே கரைவீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை. சொன்ன உடனே கேட்கிற ஆள் எதற்கோ அடி போடுகிற ஆள்.

"ஒரே ஒரு கேள்விக்கா. கடையில புது நெல்லு விக்குது. குட்டையா நிக்குது, சீக்கிரம் அறுக்கலாம், ரெண்டு மடங்கு காணும். ஆனா இந்தக் கரையில அஞ்சு வீடும் பழைய நெல்லைத்தான் போடுறீங்க. ஏன்?"

கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

நோட்டைப் பார்த்ததும் களத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் எதுவும் நடக்காதது போலத் திரும்பவும் கிளறினார்.

அந்தக் கரையில் நோட்டுக்கு ஒரு கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கரைக்கு ஒருத்தர் இப்படித்தான் நோட்டோடு வந்தார். நல்ல மனுஷர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். "மழைக்காலத்துல உங்க வயல்ல எவ்வளவு தண்ணி நிக்கும்?" என்று கேட்டார். எதிர்க்கரைக்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆள் முங்கும் சார்! நாப்பது நாள் நிக்கும்! அதுல நாங்க நெல்லு விளைவிக்கிறோம் சார்!" அவர் எழுதிக்கொண்டு போனார். எட்டு மாசம் கழித்து வயலைச் சுற்றி வெள்ளையடித்த கல் நட்டார்கள். நாற்பது நாள் தண்ணீர் நின்றால் அது வயல் இல்லையாம், ஏரியாம். ஏரியில் யாரும் உழக்கூடாதாம். எதிர்க்கரையில் இன்றைக்கும் அந்தக் கற்கள் மேல் கொக்கு உட்கார்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து இந்தக் கரையில், வெளியாள் காதுபட யாரும் 'தண்ணி' என்ற பேச்சையே எடுப்பதில்லை.

"வைக்கோலுக்கு," என்றாள் கரைவீட்டுக்காரி.

"வைக்கோலுக்கா?"

"ஆமா. நீளமா இருக்கும். மாடு விரும்பித் திங்கும். கூரை மேயலாம். எழுதிக்கோ."

அந்தப் பெண் எழுதினாள். எழுதிவிட்டு, "முதல் வீட்டு அண்ணன் ருசிக்குன்னு சொன்னாருக்கா," என்றாள்.

முதல் வீட்டு அண்ணன் என்றால் ரேடியோ. நிறுத்தத் தெரியாமல் பேசுவதால் அந்தப் பேர்.

"அவனா? அவனுக்கு மண்ணும் ருசிதான்."

"ரெண்டாவது வீட்டுல, சோறு ஆறினாலும் விறைக்காதுன்னாங்க. அதுக்கு அடுத்த வீட்டுல, எலி இந்த நெல்லைத் தொடாதுன்னாங்க. கடைசி வீட்டு அக்கா, பிள்ளை பெத்தவங்களுக்குப் பலம்னு சொன்னாங்க. அஞ்சு வீட்டுல அஞ்சு காரணம்."

கடைசி வீடு, கரைவீட்டுக்காரியின் நாத்தனார் வீடு.

"கடைசி வீட்டுல ரொம்ப நேரம் பேசினியோ?"

"அங்கதான்க்கா டீ குடிச்சேன். நல்லாப் பழகினாங்க."

கரைவீட்டுக்காரி உமியை ஒரு தள்ளு தள்ளினாள். நாத்தனார் கூடப்பிறந்த தம்பிக்கே டீ கொடுக்க மூன்று தடவை யோசிக்கிறவள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு எதற்கு டீ? பாகம் பிரித்தபோது நாத்தனாருக்கு வந்தது கடைசித் துண்டு. மேடு. அங்கே முழங்கால் தண்ணீர்தான். கல் நட்டாலும் தம்பி வயலோடு நின்றுவிடும். அவளுக்கு என்ன போச்சு?

"அக்கா, அந்த மரத்துக் கிளையில வைக்கோல் சிக்கியிருக்கே, அது எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போச்சு?"

பைக்காரி வாசல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, போன வெள்ளம் விட்டுப்போன வைக்கோல் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்து," என்றாள் கரைவீட்டுக்காரி.

"ஒரே உயரத்துல வரிசையாச் சிக்கியிருக்கே?"

"எங்க ஊர்க் காத்து அப்படித்தான். ஒழுங்கா வீசும்."

களத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. வீட்டுக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"சரிக்கா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கரைவீட்டுக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் செம்பை எடுத்துவந்து கொடுத்தாள்.

குடித்துவிட்டுத்தான் பைக்காரி வந்த காரியத்தைச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு படி விதை வேண்டும். ஆபீஸில் குளிர்பெட்டி இருக்கிறது. பேர் எழுதி அதில் பத்திரமாக வைப்பார்கள். "எப்பவாவது உங்களுக்கே விதை இல்லாமப் போச்சுன்னா வந்து வாங்கிக்கலாம்."

"எங்க நெல்லை நாங்க வாங்க உங்க ஆபீசுக்கு எதுக்கு வரணும்?"

"ஒரு பாதுகாப்புக்குதான்."

"எதுலேருந்து பாதுகாப்பு?"

பைக்காரி மரத்துக் கிளையை இன்னொரு தரம் பார்த்தாள்.

கரைவீட்டுக்காரி துணிப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பரணைப் பார்த்தாள். அங்கே நாலு பானை விதை இருந்தது. அவித்த நெல்தான் வீட்டில் மற்றதெல்லாம். அறுத்த கையோடு விதையை ஒதுக்கிவிட்டு மீதியை அவித்துவிடுவது அந்தக் கரையின் வழக்கம். ஈரக்காற்றில் பச்சை நெல் தாங்காது. இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பரணுக்கு ஏறாமல், நேற்று அவித்துக் காயவைத்த நெல்லில் ஒரு படி அளந்து பையில் கட்டினாள். உமிக்குள்ளே இருப்பது வெந்ததா வேகாததா, முளைக்குமா முளைக்காதா என்று மேலே எழுதியா ஒட்டியிருக்கிறது?

"இந்தா. தங்கமான விதை."

"ரொம்ப நன்றிக்கா."

"பஸ் வர்ற நேரம். நான் கொண்டு விட்டுட்டு வர்றேன்," என்று வீட்டுக்காரர் பையை வாங்கிக்கொண்டார். சைக்கிளில் காற்று குறைவு என்று பம்பைத் தேடி உள்ளே போனார், வந்து பையைச் சைக்கிளில் மாட்டினார். கரைவீட்டுக்காரி அண்டாவை இறக்குகிற பரபரப்பில் இருந்தாள்.

*

பத்து நாள் கழித்து விதையைப் பார்க்கப் பரணில் ஏறினாள்.

அவள் விதை வைக்கிற முறை ஒன்று உண்டு. பானையில் நெல்லை நிரப்பி, மேலே விரல் கனத்துக்குச் சாம்பலைப் பரப்பி, சாம்பல் மேல் தன் வலது கையை அழுத்திப் பதித்துவிடுவாள். சாம்பல் பூச்சிக்கு. கை, மனுஷருக்கு. யாராவது தொட்டால் தடம் கலைந்துவிடும்.

மூன்று பானையில் அவள் கை இருந்தது. நாலாவதிலும் ஒரு கை இருந்தது. அது அவள் கை இல்லை.

அகலமான உள்ளங்கை. கட்டையான விரல்கள். அவள் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு விரல் அளவு தடம் மிச்சம் நின்றது. நெல் மட்டமும் ஒரு படி இறங்கியிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வெற்றிலை போடுகிறவர் மாதிரி வாயை மென்றுகொண்டு, "எலியா இருக்கும்," என்றார்.

"எலி கை பதிச்சுட்டுப் போகுமா?"

"நல்ல எலியா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் அகலக்கை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் கையால் தோசைக்கல்லையே மூடிவிடலாம்.

மறுநாள் கரையில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள்.

"என்ன அண்ணி, உங்க கை நல்லா இருக்கா?"

"என் கைக்கு என்னடி?"

"இல்ல, சாம்பல் ஒட்டியிருக்கும், கழுவினீங்களான்னு கேட்டேன்."

நாத்தனார் குடத்தை இறக்கிவைத்தாள். "எதுவா இருந்தாலும் உடைச்சுப் பேசு."

"டீ குடுத்தீங்களாம்."

"குடுத்தேன். உன் வீட்டுப் பாலா?"

"டீயோட வேற என்ன குடுத்தீங்க? எங்க பரண்லேருந்து ஒரு படி எடுத்துக் குடுத்தீங்களா? இல்ல, எங்க வயல்ல எத்தனை நாள் நிக்குதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"அடிப்பாவி! என் தம்பி வயலுக்கு நான் கல்லு நடச் சொல்வேனா?"

"உங்களுது மேடு அண்ணி. மேட்டுல இருக்கறவங்களுக்கு என்ன பயம்?"

நாத்தனார் குடத்தை எடுத்துக்கொண்டாள். "இனிமே உன் வாசப்படி மிதிச்சேன்னா என்னை என்னன்னு கேளு."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் ரேடியோ மட்டும் இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துச் செய்தியை இந்தப் பக்கமும் கொஞ்சம் சேர்த்தே ஒலிபரப்பிக்கொண்டிருந்தான்.

*

விதைக்கிற காலம் வந்தது. வழக்கப்படி இரண்டு பானை வயலுக்கு, இரண்டு பானை பரணுக்கு. புழுதியில் விதைத்து, முதல் தூறலில் முளைத்து, ஒன்றரை மாசம் ஆகிவிட்டால் இந்த நெல்லுக்கு யாரும் பயப்பட வேண்டாம். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் இதுவும் ஒரு சாண் ஏறும். ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் மேலே தலையை நீட்டிக்கொண்டு காற்றில் ஆடும். கடை நெல்லை ஒரு வருஷம் ரேடியோ போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாளே முங்கிவிட்டது, பதினைந்தாம் நாள் அழுகல் நாற்றம். "ருசி எப்படிடா இருந்துச்சு?" என்று இன்றைக்கும் அவனைக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்றரை மாசம் வேண்டும். அதுவரைக்கும் இதுவும் பச்சைப்பிள்ளைதான்.

இந்த வருஷம் தண்ணீர் பன்னிரண்டாம் நாளே வந்தது.

ஒரு வாரம் நின்று வடிந்தபோது வயலில் ஒரு முளை இல்லை. வீட்டுக்காரர் சேற்றில் குனிந்து ஒரு கைப்பிடியை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டுப் போட்டார். பரணிலிருந்த மீதி இரண்டு பானையையும் இறக்கினார்கள். கரைவீட்டுக்காரி சாம்பலைத் தட்டும்போது, அந்த அகலக்கைத் தடத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப விதைத்தார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர் திரும்ப வந்தது.

ஐந்து வீட்டிலும் இதே கதை. ரேடியோகூடப் பேசவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அவள்.

"இந்த வருஷச் சாப்பாட்டுக்கு இருக்கு."

"சாப்பாட்டைக் கேக்கல. விதை?"

மேட்டில் ஒரு சின்ன நாற்றங்காலுக்கு ஒரு படி கிடைத்தால் போதும். நாற்றை வளர்த்து, தண்ணீர் வடிகிற பக்கமாக ஒரு மூலையில் நட்டுவிட்டால் அடுத்த வருஷத்துக்கு விதை தேறும். அந்த ஒரு படி எங்கேயும் இல்லை. எதிர்க்கரையில் கல் நட்டபோதே அவர்களுடைய நெல்லும் போய்விட்டது. இன்னொரு வருஷம் வயல் சும்மா கிடந்தால், அது ஏரிதான் என்று சொல்ல யாரும் நோட்டு எடுத்துவர வேண்டியதுகூட இல்லை.

"அந்த ஆபீசுக்குப் போய்ப் பார்ப்போமா?" என்றார் அவர்.

கரைவீட்டுக்காரி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அங்க எதுக்கு?"

"நாம ஒரு படி குடுத்தோமே."

எப்படிச் சொல்வது, கொடுத்தது சோற்று நெல் என்று?

"போனா உங்க அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள். "அவங்க குடுத்தது இருக்கும்."

*

இடுப்புவரை தண்ணீரில் நடந்து, மேடேறி, பஸ் பிடித்து மூவரும் போனார்கள். இரண்டு பேரும் பேசுவதில்லை என்பதால் நடுவில் அவர்.

"உங்க அக்காகிட்டச் சொல்லுங்க, அந்தப் பக்கம் பள்ளம்னு."

"உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, இந்தக் கரை அவ வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னு."

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

விதை ஆபீஸ் நீளமான ஒரு அறை. ஓரத்தில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. மேஜை மேல் ஈரத்துணிகளும் தட்டுகளும். பைக்காரிக்கு அவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கக்கா. உங்க கரைக்காரங்களைப் பத்தி நினைக்காத நாளே இல்ல."

கரைவீட்டுக்காரிக்கு அந்த வரவேற்பு சரியாகப் படவில்லை.

வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். விதை போச்சு என்று மட்டும் சொன்னார். எப்படிப் போச்சு என்று சொல்லவில்லை. பைக்காரியும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஐந்து அட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"ஒவ்வொரு பையிலேருந்தும் நூறு நெல்லு எடுத்து ஈரத்துணியில போடுவோம். எத்தனை முளைக்குதுன்னு எழுதுவோம். இது முதல் வீடு. பூஜ்யம். ரெண்டாவது வீடு, பூஜ்யம். அடுத்தது, பூஜ்யம். கடைசி வீடு." நாத்தனாரைப் பார்த்தாள். "பூஜ்யம்."

நாத்தனார் ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனமாகப் பார்த்தாள்.

"முதல்ல எங்க பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம். ரெண்டு தடவை ரிப்பேர் பார்த்தாங்க. நான்தான் தூக்கிட்டு வரும்போது வெயில்ல காயவச்சுட்டேன்னு பெரியவரு திட்டினாரு. அப்புறம் ஒரு நாள் உரிச்சுப் பார்த்தேன். அவிச்ச அரிசி, கண்ணாடி மாதிரி இருக்கு. நாலு வீட்டுலயும் எனக்குச் சோத்து நெல்லைக் குடுத்திருக்கீங்க."

"நீங்களுமா அண்ணி?" கரைவீட்டுக்காரிக்கு எட்டு மாசத்துக்கப்புறம் வாயிலிருந்து நேராக வந்துவிட்டது.

"பின்னே? முன்னப்பின்ன தெரியாதவளுக்கு விதையை எடுத்துக் குடுப்பாங்களா? டீயைக் குடுத்து, என்ன ஏதுன்னு வாயைக் கிளறிப் பார்த்தேன். எதுவும் வரல."

பைக்காரி சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா தெரியவில்லை. "அஞ்சாவது அட்டை, உங்க வீடு. தொண்ணூத்தி நாலு."

"இருக்காது," என்றாள் கரைவீட்டுக்காரி.

"ஏன்க்கா இருக்காது?"

ஏன் இருக்காது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

"நல்லாப் பாரும்மா. வேற யாரோடதாவது இருக்கும். எங்களுது அவ்வளவு முளைக்காது."

"ஏண்டி, உன் விதையை நீயே குறை சொல்ற?" என்று நாத்தனார் திரும்பினாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. "ஓ! நீயும்..."

அப்போதுதான் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான் மாத்திட்டேன்."

"எப்ப?"

"பம்பு தேட உள்ள போனேனே. நீ பரண் ஏறின சத்தமே கேக்கல."

கரைவீட்டுக்காரி அவருடைய வலது கையை இழுத்து, ஆபீஸ் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அகலமான உள்ளங்கை. கட்டை விரல்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த கை.

"எட்டு மாசமா நான் அண்ணியை..."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கத்துவே."

"அதுக்கு எலின்னு சொல்றதா?"

"நல்ல எலின்னு சொன்னேனே."

நாத்தனார் தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தாள். சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இவ மேல அவ்வளவு நம்பிக்கையா உங்களுக்கு?" என்று கரைவீட்டுக்காரி, பைக்காரி பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதையும் மறந்து கேட்டாள்.

"இவங்க மேல எனக்கும் சந்தேகம்தான். அதைவிடத் தண்ணி..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அதைவிட, பரண் ஒண்ணுதானே இருக்கு நமக்கு. இன்னொண்ணு இருக்கட்டும்னு பார்த்தேன்."

பைக்காரி பெட்டியிலிருந்து பையை எடுத்துவந்தாள். தொட்டால் கை சில்லிட்டது. அவர்கள் கட்டிக் கொடுத்த அதே முடிச்சு இல்லை, ஆனால் அதே பை. சோதனைக்கு ஒரு பிடி போக மீதி அப்படியே இருந்தது. கரைவீட்டுக்காரி ஒரு நெல்லை எடுத்து உமியைக் கிள்ளி, முன்பல்லால் கடித்தாள். வெள்ளை மாவாக உடைந்தது. பச்சை நெல்தான். அவளுடைய நெல்தான்.

"திருப்பிக் குடுக்கறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குக்கா. அதுல ஒரு வரி மட்டும் நிரப்பணும்." பைக்காரி பேனாவைத் திறந்தாள். "எதுக்காக இந்த நெல்லைப் போடுறீங்க?"

மேஜையில் கிடந்த தங்கள் அட்டையைக் கரைவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். 'காரணம்: வைக்கோல்' என்று மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி. 'நேரில் சென்று சரிபார்க்கவும்.'

மூன்று பேருடைய துணியும் இடுப்புவரை நனைந்திருந்தது. அவர்கள் நின்ற இடத்தில் தரையில் தண்ணீர் தேங்கி, மெதுவாக நீண்டு, மேஜைக் காலைத் தொட்டிருந்தது. பைக்காரி அதைப் பார்த்தாள். கரைவீட்டுக்காரி, பைக்காரி பார்ப்பதைப் பார்த்தாள்.

"வைக்கோலுக்கு," என்றாள்.

"வைக்கோலுக்கு."

"ஆமா. நீளமா இருக்கும்."

"எவ்வளவு நீளம்?"

அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நாத்தனார் இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

"அவ்வளவு உயரத்துக்கு அது எதுக்குக்கா வளருது?"

"அதுக்கு வளரணும்னு தோணுது, வளருது. நாம என்னத்தைக் கண்டோம்?"

பைக்காரி குனிந்து 'வைக்கோல்' என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து, அட்டையிலிருந்த பென்சில் வரியை நிதானமாக அழித்தாள். தூளை ஊதித் தள்ளினாள்.

"அடுத்த வருஷம் விளைஞ்சா ஒரு படி திருப்பிக் கொண்டாந்து வைங்கக்கா. பச்சை நெல்லா."

பஸ்ஸில் வரும்போது பை கரைவீட்டுக்காரியின் மடியில் இருந்தது.

"அழிச்சாளே, பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்."

"எதுக்கு அழிச்சா?"

"விடேன்."

"எப்படி விடறது? எழுதினதை அழிக்கறவ, அழிச்சதைத் திரும்ப எழுத மாட்டாளா?"

"அதானே," என்றாள் நாத்தனார். எட்டு மாசத்துக்கப்புறம் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வீட்டுக்கு வந்ததும் கரைவீட்டுக்காரி பத்து நெல்லை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, அடுப்பு மேடை ஓரம் சூட்டில் வைத்தாள். ஆபீஸ் கணக்கு ஆபீஸோடு. மூன்றாம் நாள் காலை நாத்தனார் வாசப்படி மிதித்து வந்து நின்றாள். துணியைப் பிரித்தார்கள். பத்தும் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. கரைவீட்டுக்காரி இன்னொரு தரம் எண்ணினாள்.

பையிலிருந்து விதையை முறத்தில் கொட்டி, கையால் ஐந்து கூறாகப் பிரித்தாள். முதல் கூறை நாத்தனார் பக்கம் தள்ளினாள்.

நாத்தனார் அகலக்கையால் அதை ஒரே அள்ளில் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நல்ல பொண்ணுதான் போலடி."

"நெல்லு நல்லதுன்னு சொல்லுங்க அண்ணி," என்றாள் கரைவீட்டுக்காரி. "அவளைப் பத்தி அடுத்த வருஷம் பேசிக்கலாம்."